கொச்சங்காடியில் டயர் படித்த மாஷ்

பாலக்காட்டைத் தாண்டிவிட்டால் எங்கள் அம்மாவுக்கு எல்லாமே சீமைதான். என் தங்கை மல்லிகாவை மட்டாஞ்சேரியில் கட்டிக்கொடுத்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. அப்போதும், "அந்த தேசத்துல நேரா நேரத்துக்குச் சோறு போடறாங்களாடா?" என்று என்னைத்தான் கேட்பாள், ஏதோ நான் வாரம் ஒருமுறை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவன் மாதிரி.

எண்பதுகளின் தொடக்கம். நான் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில வாத்தியார். மே மாத விடுமுறையில், மல்லிகாவுக்கு ஏழாம் மாதம் வளையல் போட்டுப் பிரசவத்துக்கு அழைத்துவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவளுக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது. அதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆனால் அம்மா இந்தத் தடவை வேண்டாத சாமி இல்லை, போடாத சட்டம் இல்லை.

"கார்ல ஏத்துனீன்னா நம்ம வாசல்லதான் அவ காலு மண்ணுல படோணும். நடுவால எங்கயும் எறக்கீராதே. கெளம்புன வூட்டுக்குத் திரும்பிப் போகவே கூடாது, சொல்லிப்போட்டேன்" என்றாள். அஞ்சு மணி நேரப் பயணத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி எங்கேயுமே இறங்காமல் எப்படி வருவாள் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. ஆண்பிள்ளை புத்தி அவ்வளவுதான்.

கார் என்னுடையது. பழைய அம்பாசிடர். தோப்புக்காரர் ஒருவரிடம் வாங்கியது. அதை நான் கொஞ்சிய கொஞ்சல் என் மனைவிக்கே பொறுக்காது. தங்கையை அழைக்கப் போகிற கார் கல்யாணக் கார் மாதிரி இருக்கட்டும் என்று, எனாமல் பெயின்ட் வாங்கி நாலு டயருக்கும் பக்கவாட்டில் வெள்ளையடித்தேன். மிச்சமிருந்த பெயின்ட்டை வீணாக்குவானேன் என்று டிக்கியிலிருந்த ஸ்டெப்னிக்கும் அடித்தேன். அந்தப் பிரஷ்ஷை அன்றைக்கே யாராவது என் கையிலிருந்து பிடுங்கியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டாஞ்சேரி போய்ச் சேர்ந்தேன். இடப்பள்ளி வரைக்கும் ரோடு ரோடாக இருந்தது. அப்புறம் பாலம், தண்ணீர், மறுபடி பாலம், மறுபடி தண்ணீர். கடைசியில் சந்துகள். எங்கள் ஊரில் எருமை குறுக்கே வரும். இங்கே தேயிலைப் பெட்டி ஏற்றிய கைவண்டி குறுக்கே வருகிறது. எருமையாவது ஹார்னுக்குத் திரும்பிப் பார்க்கும். வழி முழுக்கச் சுக்கும் மிளகும் மணக்கிற மணத்தில் நான் பதினோரு தும்மல் போட்டேன்.

மல்லிகாவின் மாமியார் விசாலம் அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற தமிழ்க் குடும்பம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. அப்போது எந்தக் கடலில் இருந்தாரோ. "வாங்கோ தம்பி, இரிங்கோ. யாத்திரை சுகமா? சாயா எடுக்கட்டா, ஊணு கழிக்கறேளா?" என்று ஒரே மூச்சில் கேட்டார். எது தமிழ், எது மலையாளம் என்று நான் பிரித்து முடிப்பதற்குள் சாயா வந்துவிட்டது.

குடிக்கிற தண்ணீரை இளஞ்சிவப்பாகக் கொடுத்தார்கள். துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்து, முகம் சுளிக்காமல் மரியாதைக்கு இரண்டு வாய் குடித்தேன். "அது மரப்பட்டை போட்டுக் காய்ச்சினது அண்ணா, உடம்புக்கு நல்லது" என்று மல்லிகா விழுந்து விழுந்து சிரித்தாள். வயிறு குலுங்க அவள் சிரித்ததைப் பார்த்ததுமே வந்த களைப்பு போய்விட்டது. முகம் பூரித்திருந்தது. பேச்சுதான் கொஞ்சம் இந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. எதற்கெடுத்தாலும் "சாரமில்லை" என்றாள். பரவாயில்லை என்பதற்கு இங்கே அப்படித்தானாம்.

திங்கள்கிழமை வளைகாப்பு. அக்கம்பக்கத்துப் பெண்கள் வீடு கொள்ளாமல் வந்தார்கள். நான் கொண்டுபோன கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. செவ்வாய்க்கிழமை பெண்ணை அனுப்பக்கூடாது என்று அத்தை சொல்லிவிட்டதால், சும்மா இருப்பானேன் என்று படகேறி வைப்பின் தீவுக்குப் போய்வந்தேன். அங்கே ஒரு கடையில் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் அந்தக் கிழங்கை மாவு மில்லுக்குத்தான் ஏற்றுவோம். இப்படி ஒரு குழம்பு அதற்குத் துணையாகக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் மில்லை என்றைக்கோ மூடியிருப்பார்கள். காரத்தில் கண்ணீர் வழிய வழிய இரண்டாம் தட்டும் வாங்கினேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். பன்னிரண்டுக்கு ராகுகாலம், அதற்குள் ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும். அத்தை விளக்கேற்றி வைத்து, மல்லிகாவின் நெற்றியில் குங்குமம் வைத்து, கண் கலங்கி, "போயிட்டு ரெண்டு பேரா வா மோளே" என்றார். அவளைப் பின்சீட்டில் தலையணை வைத்து உட்கார வைத்தேன். மூன்று சந்துதான் போயிருப்போம். கொச்சங்காடியில், கிடங்குகள் வரிசையாக நிற்கிற இடத்தில், ஸ்டியரிங் என் கையை விட்டு இடப்பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் முன்சக்கரம் சப்பையாக உட்கார்ந்திருந்தது. உடைந்த தேயிலைப் பெட்டியின் ஆணி.

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. ஆணி மேல், பெட்டி மேல், கொச்சி மேல். "நான் இறங்கி நிழல்ல நிக்கட்டா அண்ணா?" என்று மல்லிகா கேட்டாள். "உக்காரு, உக்காரு. அம்மா சொன்னது மறந்துபோச்சா? பத்து நிமிஷ வேலை" என்றேன்.

நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன், யாரும் அப்படிச் செய்யாமல் இருப்பதற்காக. முந்தின நாள் கோடை மழை பெய்து சந்தோரம் மண் ஊறிக் கிடந்தது. வடிகால் பக்கம் சரிவு வேறு. அந்த மண்ணிலேயே ஜாக்கியை வைத்து, மற்ற சக்கரங்களுக்கு ஒரு கல்கூட முட்டுக் கொடுக்காமல், தங்கையைக் காருக்குள் வைத்துக்கொண்டே ஏற்றினேன். சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் ஸ்பேனரை மாட்டி நட்டைத் திருப்பினேன். நட்டு அசையவில்லை, சக்கரம்தான் சுற்றியது. ஒரு காலை ஊன்றி, பல்லைக் கடித்து, உடம்பு மொத்தத்தையும் ஸ்பேனரில் போட்டேன். கார் ஒரு ஆட்டம் ஆடியது. ஜாக்கி மண்ணில் புதைந்து சாய்ந்தது. அடுத்த நொடி கார் தடாலென்று தரையில் விழுந்தது.

உள்ளே "அம்மா!" என்று ஒரு சத்தம். என் கால் பெருவிரலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நாலு விரற்கடை இருந்திருக்கும். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மல்லிகா முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளிறிப்போயிருந்தாள். "ஒண்ணுமில்ல, சாரமில்லை" என்றாள். இரண்டு வளையல் உடைந்திருந்தது.

சுக்கு மூட்டை ஏற்ற நின்றிருந்த ஒரு லாரியிலிருந்து ஒருவர் குதித்து வந்தார். என் வயதுதான் இருக்கும். கைலி, தோளில் துண்டு, காதில் பீடி. லாரி டிரைவர். பெயர் ஹம்சா என்பதும், அந்தத் தெருவே அவரை அண்ணன் என்கிற அர்த்தத்தில் ஹம்சாக்கா என்று கூப்பிடுகிறது என்பதும் பிறகு தெரிந்தது. வந்தவர் முதலில் என்னைப் பார்க்கவே இல்லை. "பெங்ஙளே, மெல்ல இறங்கு" என்று, சொந்தத் தங்கையைக் கூப்பிடுகிற மாதிரி, மல்லிகாவுக்குக் கை நீட்டினார். கிடங்குக்குள்ளிருந்து யாரோ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"வயித்துப் பிள்ளைக்காரியை உள்ளே வெச்சு யாராவது ஜாக்கி ஏத்துவாங்களா? நிங்களுக்கு என்ன ஜோலி?"

"ஸ்கூல் வாத்தியாருங்க."

"மாஷா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி மாஷே, நகரு."

நான் நகர்ந்தேன், முறைத்துக்கொண்டுதான். அவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரைப் போட்டு, எதிர்ப்பக்கத்துப் பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டு ஒவ்வொன்றையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்தினார். பிறகு ஒரு கெட்டிப் பலகையை வைத்து அதன்மேல் ஜாக்கியை வைத்து ஏற்றினார். அவ்வளவு சுலபமாகக் கழற்றி வைத்துவிட்டார். எனக்கு அதுவே ஒரு அவமானம். டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன். பளபளவென்று வெள்ளை. ரோட்டில் படுகிற மேல்பக்கம் புத்தம்புது கட்டை.

அவர் அதை மாட்டவில்லை. குனிந்து, பெயின்ட்டுக்கு மேலேயே எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டு போனார். பிறகு காரின் பின் டயரையும் அதேபோல் தடவினார்.

"இது இந்த வண்டிக்கு உள்ள டயர் இல்லா, மாஷே."

"என்னங்க சொல்றீங்க? ரிம்ல கச்சிதமா உக்காந்திருக்குதே."

"உக்காரும். ரெண்டும் பதினஞ்சு. ஆனா அங்கே எழுதினது அஞ்சு தொண்ணூறு. இங்கே எழுதினது அஞ்சு அம்பது. வாயிச்சுப் பாருங்க. எனக்கு இங்கிலீஷ் அறியாது, டயர்ல உள்ளது மட்டும் அறியும்."

ஒரு கரித்துண்டு வாங்கி எழுத்தின் மேல் தேய்த்தேன். பதினேழு வருஷமாகப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறவன், என் காரின் டயரில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாக வாசித்தேன். அவர் சொன்னது சரி. முதல் எண் டயரின் அகலம், இஞ்சில். பின்னால் வரும் பதினைந்து, ரிம்மின் குறுக்களவு. அதற்குப் பக்கத்தில் பி.ஆர். என்று ஒன்று. அது டயருக்கு எவ்வளவு பலம் என்பதைச் சொல்கிறது. என் நாலு டயரிலும் ஆறு, ஸ்டெப்னியில் நாலு. பழைய மாடல் சின்னக் காரிலிருந்து வந்த டயர் அது. எனக்குக் காரை விற்றவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

ஹம்சா அதோடு விடவில்லை. கத்தி முனையால் பெயின்ட்டைச் சுரண்டினார். அடியில் பக்கவாட்டு ரப்பர் முழுக்கக் கீறல் கீறலாக வெடித்திருந்தது. மேலே இருந்தது, தேய்ந்த டயரின் மேல் ரீட்ரெடிங் செய்து ஒட்டிய கட்டையாம். கட்டை புதுசு, உடம்பு கிழடு. அந்தக் கிழட்டு உடம்பைத்தான் நான் மெனக்கெட்டு வெள்ளையடித்து மறைத்திருக்கிறேன்.

இப்போது மணி பத்தே முக்கால். "இது ஊர் போய்ச் சேர்ந்தாப் போதுமுங்க. மெதுவாப் போய்க்கிறேன், மாட்டிக் குடுங்க" என்றேன். முடியாது என்றார். முன்சக்கரம் ஒன்று பெரிசு, ஒன்று சின்னது என்றால் பிரேக் அடிக்கிறபோது வண்டி ஒரு பக்கம் இழுக்கும், மழை ரோட்டில் கேட்கவே வேண்டாம், வெயில் ஏறினால் அந்தக் கீறலே வெடிக்கும் என்றார். ஆணி குத்திய டியூபைப் பஞ்சர் ஒட்டலாம், ஸ்டெப்னிக்குச் சரியான டயர் தேடலாம், எல்லாம் முடிய மாலை ஆகும் என்றார். மாலையா? ராகுகாலம் என்ன ஆவது, அம்மா என்ன ஆவது? எனக்குக் குரல் ஏறிவிட்டது. "உங்க லாரியை நீங்க பாருங்க, என் காரை நான் பாத்துக்கறேன்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

நாற்காலியில் அதுவரை பேசாமல் இருந்த மல்லிகா எழுந்தாள். ஹம்சாவிடம் மலையாளத்தில் ஏதோ கேட்டாள். அவர் சொன்ன பதில் மட்டும் எனக்குப் புரிந்தது: என் வீட்டுக்காரியாக இருந்தால் இதில் ஏற்ற மாட்டேன்.

"நான் வீட்டுக்குப் போறேன் அண்ணா" என்றாள்.

"எந்த வீட்டுக்கு?"

"அத்தை வீட்டுக்கு. நாளைக்குப் போலாம்."

"பைத்தியமா உனக்கு? படியெறங்கி வந்துட்டுத் திரும்பிப் போகக் கூடாது. அம்மா கேட்டா நான் என்ன சொல்றது?"

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ டயரைப் பாரு."

அடிவயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். மூட்டை சுமக்கிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். கால் மண்ணில் பட்டாயிற்று, திரும்பியும் போயாயிற்று. அம்மாவின் சட்டத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை. இனி அத்தை வேறு என்ன சொல்லப் போகிறாரோ.

அத்தை வாசலில் எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார். மல்லிகாவின் முகத்தையே ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். நான் திக்கித் திணறி, "திரும்பி வர வேண்டியதாப் போச்சுங்க அத்தை..." என்று ஆரம்பித்தேன்.

"யாரு திரும்பி வந்தா? இவ இன்னும் புறப்படவே இல்லியே" என்றார். "நாளைக்கு வியாழாழ்ச்ச. நாளைக்கு விளக்கேத்திப் புறப்படுவா. உள்ளே வா மோளே. நீங்க போய் வண்டி ஜோலி பாருங்கோ தம்பி."

எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. எங்கள் அம்மா அந்த இடத்தில் இருந்திருந்தால் நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

கொச்சங்காடிக்குத் திரும்பிப் போய் ஹம்சாவிடம், "தப்பாப் பேசிட்டனுங்க" என்றேன். "மாஷு கோபப்பட்டா பிள்ளைகளைப் பரிட்சையில தோக்கடிக்கும், அத்ர தானே?" என்று சிரித்தார். மூட்டை ஏற்ற இன்னும் நேரம் இருந்ததால் என்னையும் ஸ்டெப்னியையும் தன் கூடவே அழைத்துக்கொண்டு டயர் கடை கடையாக ஏறினார். "வாயிக்கு மாஷே" என்பார். நான் சாக்குக்கட்டி தேய்த்து உரக்க வாசிப்பேன். "வேண்டா" என்பார். மூன்றாவது கடையில் எல்லா எண்ணும் பொருந்தி, பக்கவாட்டில் ஒரு கீறல்கூட இல்லாமல் ஒன்று அகப்பட்டது. பஞ்சரும் ஒட்டியாயிற்று. நாலு மணிக்கு நாங்கள் மண்ணெண்ணெய்த் துணியால் டயர்களின் வெள்ளையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். எனாமல் லேசில் போகிறதா! கருப்பும் வெளுப்புமாக, காருக்குத் தேமல் வந்த மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்த்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கடைசியில் சக்கரத்தை என்னையே மாட்டச் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நட்டைக் கையால் முடுக்கி, ஒன்றை இறுக்கியதும் பக்கத்திலிருப்பதற்குப் போகாமல் எதிரிலிருப்பதற்குப் போய், காரை இறக்கி, தரையில் நிற்கும்போது மறுபடி முழு பலத்தோடு இறுக்கினேன். "பத்திருபது கிலோமீட்டர் ஓடினப்புறம் நிறுத்தி இன்னொருக்க முறுக்கணும். மறக்கருது" என்றார். வாத்தியாரிடம் பாஸ் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி தலையாட்டினேன்.

வியாழக்கிழமை காலை அத்தை மறுபடி விளக்கேற்றினார். குங்குமம், கண்ணீர், "ரெண்டு பேரா வா மோளே", எல்லாம் முதல் தடவை போலவே நடந்தது. நான் மணிக்கு முப்பது மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த பஸ்காரர்கள் எல்லாரும் என்னைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். அங்கமாலிக்கு முன்னால், சமதரையாக ஓர் இடம் பார்த்து நிறுத்தினேன். "மல்லி, எறங்கி அந்த மரத்தடில நில்லு. நட்டை முறுக்கோணும்" என்று நானே சொன்னேன். இறங்கி, தள்ளிப் போய் நின்றாள்.

நட்டு எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒவ்வொன்றாக ஸ்பேனரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மரத்தடியிலிருந்து சொன்னாள்.

"நேத்து ஜாக்கி சரிஞ்சுதில்லண்ணா, அதுக்கப்புறம் உள்ள அசைவே இல்ல."

நான் நிமிர்ந்தேன்.

"மொதத் தடவையும் அப்படித்தான் ஆச்சு. அசைவே இல்லாம. எனக்குத் தெரியும் அந்த மாதிரி. நாற்காலில உக்காந்து நிமிஷத்தை எண்ணிக்கிட்டே இருந்தேன். நீ டயருக்குச் சண்டை போட்டுட்டு இருந்தே."

"எங்கிட்ட சொல்லலியே மல்லி."

"சொன்னா என்ன பண்ணியிருப்பே? அந்த டயரையே மாட்டி ஆஸ்பத்திரிக்குப் பறந்திருப்பே. அதான் நடந்தே போனேன். அத்தை முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டாங்க. டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க. பயமில்லைன்னு அவங்க சொல்லியும் நான் நம்பல. நாலு மணிக்குத்தான் ஒரு உதை விட்டுது. ராத்திரி பூரா ஒரே ஆட்டம். இப்பவும்தான்."

நாலு மணி. நான் மண்ணெண்ணெய்த் துணியோடு வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்த நாலு மணி. ஸ்பேனர் என் கையிலிருந்து விழுந்தது. எடுக்கப் பார்த்தேன், விரல்கள் மடங்கவில்லை. ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"வண்டி ஓட்டற கை நடுங்கும், ஊர் போய்ச் சொல்லுன்னாங்க அத்தை. எனக்குத்தான் வாய் நிக்கல" என்று பக்கத்தில் வந்தாள். நான் சட்டைப்பையிலிருந்த கார் சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மரத்து வேரில் உட்கார்ந்தாள். பஸ்ஸும் லாரியுமாகப் போய்க்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் போயிற்று என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. கடைசியில், "போலாமா?" என்று சாவிக்குக் கை நீட்டினேன்.

அவள் உடனே கொடுக்கவில்லை. நீட்டிய என் கையை அப்படியே நிறுத்தச் சொல்லி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்புறம்தான் கொடுத்தாள்.